இருக்கும்போதே கேளுங்கள்

இந்த வாரம் கோண்டாவிலில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகன் தன் அப்பப்பாவின் மொறிஸ் மைனர் பிக்கப்பைத் திருத்தி முடித்துவிட்டான். "ஒருக்கா வந்து பாருங்கோ அங்கிள்" என்று கூப்பிட்டிருந்தான். வண்டியைச் சுற்றிப் பார்க்கக் கொஞ்ச நேரம்தான் பிடித்தது. அது எழும்பி ஓடின கதையைக் கேட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

1954ஆம் ஆண்டு வண்டி. மொறிஸ் மைனர் கார் இங்கிலாந்தில் 1948இல் வந்தது. பின்பக்கம் திறந்த பெட்டி வைத்த பிக்கப்பை 1953இலிருந்து செய்தார்கள். 803 சீசீ எஞ்சின், 30 குதிரைவலு, கால் தொன் பாரம். ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தைய ஆங்கில எழுத்து இலக்கத்தகடு இன்னமும் அதில் இருக்கிறது. கோண்டாவில் தோட்டத்து வெங்காயமும் புகையிலையும் சுன்னாகம் சந்தைக்கு இந்த வண்டியில்தான் போயின. 1995 ஒக்டோபர் 30 இரவு முழு யாழ்ப்பாணமும் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நடக்க ஏலாத கிழவிகளையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டியதும் இதுதான்.

அப்பப்பா காலமான பிறகு வண்டி மாமரத்தடிக் கொட்டிலுக்குள் நின்றுவிட்டது. மாரி மழையும் உப்புக் காற்றும் அடித்தட்டைத் தின்றுவிட்டன. 2020இல் வாகன இறக்குமதி நின்றதும் பழைய வண்டிகளுக்கு விலை ஏறியது அல்லவா, கொழும்பிலிருந்து ஆட்கள் தேடி வந்து கேட்டார்கள். நண்பர் கொடுக்கத் தயார். பெடியன் மறித்துவிட்டான்.

மறித்தவனுக்கு ஒரு கராஜில் சொன்ன யோசனை, இந்த எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் பூட்டச் சொல்லி. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அவன் சம்மதிக்கவில்லை. மொறிஸ் காருக்குத் தனிச் சசி கிடையாது, பிக்கப்புக்கு உண்டு. அதனால் உடலைக் கழற்றி இறக்கிவைத்து, துருப்பிடித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து ஒட்ட முடிந்தது. இந்த வண்டிக்கான உதிரிப் பாகங்களை ஒரு காலத்தில் எங்கள் நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வண்டி பிறந்த நாட்டுக்கு இலங்கைத் தொழிலாளியின் கைவேலை போயிருக்கிறது. எனக்கு அது பெருமையான செய்தி.

சிக்கல் வந்தது எஞ்சினைத் திறந்தபோது. ஹெட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு கஸ்கெற் இருக்கவேண்டும். இரண்டு இருந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக. முன்பக்கத் தட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பித்தளைத் திருகியும், எங்கே போகிறது என்று தெரியாத ஒரு மெல்லிய செப்புக் குழாயும். இணையத்தில் தேடினான். எந்த மொறிஸ் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. யாரோ வேலை தெரியாதவன் செய்த பிழை என்று எண்ணி, குழாயை வெட்டப் போயிருக்கிறான். அந்த நேரம் அவனுடைய அம்மா, "அப்பப்பாவின்ர மெக்கானிக் இணுவிலில இன்னும் இருக்கிறார் எல்லே, அவரைக் கேள்" என்றிருக்கிறா.

எண்பது தாண்டிய மனிதர். கை நடுங்குகிறது, சாவி பிடிக்க முடியாது. ஓட்டோவில் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார்கள். இரண்டு கஸ்கெற்றையும் கையில் வாங்கிப் பார்த்தாராம். "தம்பி, இது நான் போட்டது. மண்ணெண்ணெயில ஓடினா எஞ்சின் தட்டும். அதுக்காக ரெண்டு போட்டு ஹெட்டைக் கொஞ்சம் தூக்கி விட்டனாங்கள்."

இளைய நேயர்களுக்காகச் சொல்கிறேன். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் கொண்டுவரத் தடை. தப்பித் தவறிக் கிடைத்தால் போத்தல் கணக்கில் விற்றது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடு ஏறியதும் திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்த முன்பு மறுபடி பெற்றோலுக்கு. இல்லாவிட்டால் அடுத்த நாள் காலை வண்டி எழும்பாது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும். அந்த ஒயிலுக்கும் தட்டுப்பாடு. அந்த நிலையில்தான் வண்டி நாவற்குழி தாண்டியது. எரிபொருளை மாற்ற உதவிய, வெட்டப்பட இருந்த அந்தச் செப்புக் குழாய் இல்லாமல் அது நடந்திருக்காது.

பெரியவர் கதிரையில் இருந்தபடி சொல்லச் சொல்ல, பெடியன் வேலை செய்தான். இனி வண்டி ஓடப்போவது பெற்றோலில், ஆகவே ஒரு கஸ்கெற் போதும். திருகியையும் குழாயையும் கழற்றாமல் அப்படியே விட்டிருக்கிறான். மிகச் சரியான முடிவு. பழைய வண்டியைப் புதிதுபோல மினுக்குகிறேன் என்று, அது பட்டபாட்டை எல்லாம் துடைத்து எறிகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

இன்னொரு வேலையும் இருந்தது, அது கடதாசி வேலை. பதிவுப் புத்தகம் இன்னும் அப்பப்பாவின் பெயரில். மற்ற உரித்தாளிகள் ரொறன்ரோவில் ஒருவர், லண்டனில் ஒருவர், பாரிசில் ஒருவர். காணிப் பிரச்சினையில் ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. எஞ்சினுக்கு எடுத்ததைவிட அந்தக் கையெழுத்துகளுக்குக் கூட நாள் எடுத்தது. அப்பப்பா திடமாக இருந்த காலத்தில் ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கக்கூடிய அலுவல்.

எங்களுடைய குறை இதுதான், நேயர்களே. ஒருவருடைய அந்தியேட்டி முடிந்த பிறகுதான் அவருடைய பெட்டியைத் திறக்கிறோம். உறுதி எங்கே, சாவி எங்கே, கிணற்று மோட்டரை எப்படி இயக்கினவர் என்று அப்போதுதான் ஓடித் திரிகிறோம். அவர் திண்ணையில் சும்மா இருந்தபோது நாங்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோண்டாவில் பெடியனுக்கு வாய்த்தது அந்த மெக்கானிக் உயிரோடு இருந்தது. ஒரு வருடம் பிந்தியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருங்கள். கொட்டிலில் கிடக்கிற அந்தச் சாமானை யார் திருத்தினது, எப்படித் திருத்தினது என்று கேட்டு எழுதி வையுங்கள். பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். மாற்றவேண்டுமென்றால், கையெழுத்துப் போடவேண்டியவர் திடமாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.