கட்டை சரியில்லை

தோற்றவர் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கைக்கூட மிச்சம் வைக்காத விளையாட்டு நல்ல விளையாட்டா? போர்டு கேம் பிரியர்களிடம் கேட்டால் யோசிக்காமல் ஆமாம் என்பார்கள். நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான். பெங்களூரில் எட்டு வருடமாகச் சனிக்கிழமை மாலைகளை அட்டைப்பெட்டிகளுக்கு நேர்ந்துவிட்டவன். இரண்டு அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறேன். (மொத்தம் எவ்வளவு செலவு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் கூட்டிப் பார்த்ததில்லை.)

எங்கள் மேசையில் ஒரு விளையாட்டைத் திட்ட வேண்டுமென்றால் "இதுல லக்கு ஜாஸ்திப்பா" என்போம். அதைவிடப் பெரிய வசவு கிடையாது. கட்டானையே எடுத்துக்கொள்ளுங்கள். பல் தொழில்நுட்பராக வேலை பார்த்த கிளவுஸ் டாய்பர் உருவாக்கி, 1995-ல் ஜெர்மனியில் வெளிவந்து, அந்த வருடத்தின் ஸ்பீல் டெஸ் யாரெஸ் விருதை வாங்கிய விளையாட்டு. இந்தப் பொழுதுபோக்குக்குள் பாதிப்பேர் நுழைந்த வாசலே அதுதான். ஆனால் உள்ளே வந்து இரண்டு வருடம் ஆனவர்கள் அதைத் தொடமாட்டார்கள். காரணம் பகடை. எட்டு விழ 36-க்கு 5 வாய்ப்பு, பன்னிரண்டு விழ 36-க்கு 1. கணக்குப் போட்டு எட்டின் பக்கத்தில் வீடு கட்டியவன் செங்கல் இல்லாமல் உட்கார்ந்திருக்க, பன்னிரண்டை நம்பியவன் கொழிப்பது சில நாள் நடக்கும். அதைச் சகிக்க முடியாதவர்கள் அக்ரிகோலா, பவர் கிரிட், பிராஸ் என்று மேலே போவார்கள். அங்கே பகடை கிடையாது. மூன்று மணி நேரம் ஆடித் தோற்றால், தோற்றது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை.

இதைத்தான் நாங்கள் நியாயம் என்கிறோம்.

போன வருடம் அம்மா வந்து இரண்டு மாதம் இருந்தார். முப்பது வருடம் கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதியவர். டிக்கெட் டு ரைடு சொல்லிக்கொடுத்தேன். ஒரே சாயங்காலத்தில் பிடித்துக்கொண்டார். இரண்டு தடவை ஆடினோம், இரண்டிலும் ஐந்தாறு புள்ளியில்தான் தோற்றார். மூன்றாம் நாள் கூப்பிட்டபோது வரவில்லை. கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். "புரியாமலா வேணாங்கேன்? தாயத்துல தோத்தா கட்டை சரியில்லன்னுட்டு எந்திரிச்சுப் போயிரலாம். உன் விளையாட்டுல தோத்தா நான் மக்குன்னு ஆயிருது. பெத்த பிள்ளைகிட்ட உக்காந்து அதை எதுக்குடா நிரூபிக்கணும்?"

இதை வயதானவர்களின் சலிப்பு என்று தள்ளிவிடலாம்தான். எனக்கு முடியவில்லை. ஏனென்றால் இதே வாதத்தை வேறோர் இடத்தில் படித்திருக்கிறேன். பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங் 1958-ல் 'மெரிட்டாக்ரசியின் எழுச்சி' என்று ஒரு நையாண்டி நூல் எழுதினார். தகுதியை மட்டுமே வைத்து ஆட்களைத் தரம் பிரிக்கும் ஒரு சமூகத்தைக் கற்பனை செய்தார். அந்தச் சமூகத்தில் கீழே இருப்பவனின் நிலைமை பழைய காலத்தை விட மோசம். முன்பெல்லாம் 'நான் பிறந்த இடம் அப்படி, எனக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை' என்று சொல்லித் தன் மரியாதையைத் தானே காப்பாற்றிக்கொள்ளலாம். எல்லோருக்கும் வாய்ப்பு கொடுத்தாகிவிட்டது என்று அறிவித்த பிறகு அவனிடம் அந்தச் சொல்லும் இல்லை. யங் திட்டுவதற்காகப் பிரபலமாக்கிய வார்த்தையை உலகம் பாராட்டாக எடுத்துக்கொண்டுவிட்டது. அது தனிக்கதை.

தாயத்தில் அதிர்ஷ்டம் எவ்வளவு என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலு பக்கக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்றதில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. பதினாறு விதமாக விழலாம். காயை இறக்கத் தாயம் வேண்டும். ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் வெறுமை. பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. பத்து தடவை உருட்டியும் தாயமே விழாமல் இருக்க 26 சதவீதம் வாய்ப்பு உண்டு. அதாவது நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர் முதல் பத்து உருட்டலிலும் வெறும் கையோடு இருப்பது சாதாரணம். அவரைப் பார்த்து யாரும் 'நீ சரியாக உருட்டவில்லை' என்று சொல்வதில்லை. சொன்னாலும் அது கேலிதான்.

ஆனால் காய் இறங்கிய பிறகு தாயம் வேறு விளையாட்டு. எங்கள் வீட்டு விதிப்படி, ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் நுழைந்து பழம் எடுக்க முடியாது. எந்தக் காயை நகர்த்துவது, எதை மலையில் பதுக்குவது, விழுந்த ஐந்தையும் இரண்டையும் ஒரே காய்க்குக் கொடுப்பதா பிரிப்பதா என்று ஒவ்வொன்றும் முடிவெடுக்க வேண்டியவை. போர்டு கேம் வடிவமைப்பாளர்கள் அதிர்ஷ்டத்தை இரண்டாகப் பிரிப்பார்கள்: முடிவெடுப்பதற்கு முன்னால் வருவது, முடிவெடுத்த பிறகு வந்து கவிழ்ப்பது. முதல் வகைதான் உசத்தி என்பார்கள். தாயம் அந்த உசத்தி வகை. முதலில் கட்டை, அப்புறம் மூளை. அதனால்தான் அதில் ஒரு வசதி இருக்கிறது. ஜெயித்தால் என் மூளை, தோற்றால் கட்டை. கணக்குப் புத்தகத்தில் இப்படி எழுதினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் அனுமதிக்கும் பொய்க்கணக்கு இது. ஒரு குடும்பம் ராத்திரி ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுப்பதற்கு இது உதவுகிறது.

பரமபதத்தில் இந்த மூளைக் கணக்குகூட இல்லை. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க ஆடுவது. ஏணி புண்ணியம், பாம்பு பாவம். புண்ணியம் செய்தவன் ஏறினான் என்று அட்டை சொல்கிறது, ஆனால் அவன் எதையும் செய்யவில்லை, ஐந்து விழுந்தது. சின்ன வயதில் இது எனக்கு முட்டாள்தனமாகப் பட்டது. பிறகு தாமஸ் நேகலும் பெர்னார்ட் வில்லியம்ஸும் 1976-ல் தொடங்கிய 'அறம் சார்ந்த அதிர்ஷ்டம்' பற்றிய விவாதத்தைப் படித்தபோது அந்த அட்டை நினைவுக்கு வந்தது. பிரேக்கைச் சரிபார்க்காமல் லாரியை எடுத்த இரண்டு பேரில் ஒருவன் வழியில் மட்டும் ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. தப்பு ஒன்றுதான். ஒருவனை ஊர் மறந்துவிடும், இன்னொருவனை ஆயுசுக்கும் மன்னிக்காது. பாம்பு எந்தக் கட்டத்தில் வரையப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் இருவர் கையிலும் இல்லை.

இந்த இடத்தில் 'நம் மரபு விளையாட்டு எல்லாம் அன்பு, மேற்கத்திய விளையாட்டு எல்லாம் போட்டி' என்று எழுதிவிட்டால் ஆயிரம் லைக் நிச்சயம். பொய். ஆடு புலி ஆட்டத்தில் கட்டை கிடையாது. மூன்று புலி, பதினைந்து ஆடு, கோயில் மண்டபத் தரையில் செதுக்கிய கோடுகள். தோற்றால் தோற்றதுதான். இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு பலம், வேறு வேறு இலக்கு. 2018-ல் ரூட் வெளிவந்தபோது இந்த அசமத்துவத்தைத்தான் எங்கள் குழு வாய்பிளந்து பார்த்தது. பல்லாங்குழி இன்னும் இரக்கமற்றது. ஏழும் ஏழும் பதினான்கு குழி, எல்லாம் கண்முன்னால், மறைவே கிடையாது. சுற்று முடிந்ததும் தோற்றவர் கையிலிருப்பதை வைத்துத் தன் குழிகளை நிரப்பவேண்டும். நிரப்ப முடியாத குழி மூடப்படும். குழி குறையக் குறைய அடுத்த சுற்றில் ஜெயிப்பது இன்னும் கடினம். இருப்பவனுக்கே மேலும் சேரும். நிலவாடகை மனிதர்களை எப்படி ஓட்டாண்டியாக்குகிறது என்று காட்டுவதற்காக எலிசபெத் மேகி 1904-ல் காப்புரிமை வாங்கிய விளையாட்டுதான் பின்னால் மோனாப்பலியாக உருமாறியது. நம் பாட்டிகள் அதே பாடத்தைப் புளியங்கொட்டையில் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு வித்தியாசம். ஒரு குழி நிரப்பக்கூடக் கொட்டை இல்லாமல் ஒருத்தி போண்டியானால், எங்கள் பக்கம் ஆட்டத்தை முடிக்க மாட்டார்கள். குழிக்கு ஒரு கொட்டை போட்டு ஆட விடுவார்கள். இதற்குக் கஞ்சி காய்ச்சுவது என்று பேர். ஏழைக்கும் அடுப்பு எரியவேண்டுமே.

பவர் கிரிட்டிலும் இப்படி ஒன்று உண்டு. அதிக நகரங்களை வைத்திருப்பவர் எரிபொருளைக் கடைசியில்தான் வாங்கமுடியும். அதற்குள் விலை ஏறியிருக்கும். பின்தங்கியவர் மலிவில் வாங்கிவிட்டுப் போய்விடுவார். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவேண்டியதில்லை. எனக்கு இது மிகவும் பிடிக்கும். கஞ்சியில் ஒரு தயவின் வாடை இருக்கிறது, பவர் கிரிட்டில் இருப்பது உரிமை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். விதியே இரக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் மேசையில் மனிதர்கள் இரக்கத்தைக் குற்றமாகப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். எங்கள் குழுவில் கணவன் மனைவிக்குச் சாதகமாக ஒரு பண்டமாற்று செய்தால் மேசையே முறைக்கும். தோற்பது உறுதியான ஒருவர் தன் கடைசி நகர்வால் யார் ஜெயிப்பது என்று தீர்மானித்துவிட்டால் அதற்குக் 'கிங்மேக்கிங்' என்று ஒரு பெயர் வைத்து, அப்படி நடக்க விட்ட விளையாட்டையே குறைசொல்வோம். டச்சு வரலாற்றாளர் யோஹான் ஹய்சிங்கா 1938-ல் சொன்ன மாயவட்டம் இதுதான். வட்டத்துக்குள் வந்துவிட்டால் வெளியே நீ யாராக இருந்தாலும் பொருட்டில்லை.

அம்மாவின் கூடத்தில் அந்த வட்டம் ஓட்டை. வெட்டக்கூடிய காயை அக்கா வெட்டாமல் விட்டால், அது போன வாரம் நடந்த ஒரு சண்டைக்கான சமாதானம் என்று எல்லோருக்கும் தெரியும். வெட்டினால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு. இது நியாயமா என்று கேட்டால், விளையாட்டாக நியாயமில்லை. ஆனால் அங்கே யாரும் முதன்மையாக விளையாட உட்காரவில்லை.

குழந்தைகளை உட்கார வைக்கும்போதுதான் இது கூர்மையாகிறது. தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது பொடிசுகளை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம். அது ஓடும், தொடும், ஆனால் அவுட் ஆகாது. கணக்கில் வராது. அந்தச் சொல்லிலேயே ஊனத்தின் மீதான ஏளனம் இருக்கிறது, அதை நான் இன்று ஒரு குழந்தையிடம் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஏற்பாடு ஒரு உண்மையான சிக்கலுக்கான பதில். திறமை மட்டுமே பேசும் விளையாட்டில் ஏழு வயசுக்காரியுடன் உட்கார்ந்தால் உங்களுக்கு மூன்று வழிதான்: அவளை நசுக்குவது, பொய்யாகத் தோற்பது, அல்லது கணக்கில் சேர்க்காமல் விடுவது. கூட்டாக ஆடலாமே என்பீர்கள். 2008-ல் மேட் லீகாக் உருவாக்கிய பேண்டமிக்கில் எல்லோரும் ஒரே அணி, நோய்க்கு எதிராக. ஆனால் அங்கேயும் விவரம் தெரிந்த ஒருவர் மற்ற மூவருக்கும் சேர்த்து முடிவெடுப்பார். 'நீ அட்லாண்டாவுக்குப் போ, நீ இந்தக் கார்டைக் கொடு.' மரியாதையான குரலில் சொல்லப்படும் ஒப்புக்குச் சப்பாணி அது.

அக்கா மகள் செஸ்ஸில் என்னைத் தோற்கடித்தபோது ராணியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, நீங்க வேணும்னேதான இங்க வச்சீங்க?" அந்த முகத்தில் இருந்தது அவமானம். தாயத்தில் அவளுக்கு நான் ஒருநாளும் விட்டுக்கொடுக்கத் தேவைப்பட்டதில்லை. முழு மூச்சோடு ஆடுகிறேன், அவள் காயை வெட்டுகிறேன், பத்தில் நான்கு ஆட்டம் அவள்தான் ஜெயிக்கிறாள், அந்த நான்கும் நிஜம். ஒரு பெரிய மனுஷன் ஒரு குழந்தையிடம் நேர்மையாக இருந்துகொண்டே அவளோடு சமமாக உட்கார, என் அலமாரியில் இருக்கிற பெட்டிகளில் பெரும்பாலானவை இடம் தரவில்லை. அவளிடம் பொய் சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு அதிர்ஷ்டம் தேவைப்படுகிறது.

இதற்காகப் பிராஸை விற்றுவிடப் போவதில்லை. இன்னொரு மூளை முழுதாக நம் எதிரில் வந்து நிற்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதைக் கட்டை தராது. தன் முழுப் பலத்தையும் காட்டி உங்களைத் தோற்கடிப்பவர் உங்களை மதிக்கிறார் என்பதும் உண்மைதான். என் சந்தேகமெல்லாம் அந்த மேசையின் நியாயத்தை மேசைக்கு வெளியே எடுத்துப் போகிறோமே, அதைப் பற்றித்தான். எங்கள் குழுவில் ஒருவருக்குச் சென்ற ஆண்டு வேலை போனது. கடிதத்தில் 'செயல்திறன்' என்று இருந்தது. அதற்கு முந்தைய மூன்று வருடமும் நல்ல ரேட்டிங். "குலுக்கல்ல எடுத்தோம்னு சொல்லியிருந்தா ராத்திரி தூங்கியிருப்பேன்டா" என்றார். அதிர்ஷ்டத்தை நாள் முழுக்க வெறுக்கிற மனிதர் அவர். கட்டானைத் தொடமாட்டார்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கத்தில் ஒரு ரேண்டம் எண் தருவார்கள். மதிப்பெண், பிறந்த தேதி என்று எல்லாவற்றிலும் இரண்டு பேர் சமமாக இருந்தால் கடைசியில் அந்த எண்தான் யார் முன்னால் என்று முடிவுசெய்யும். அரை மதிப்பெண்ணில் கட்-ஆஃப் தவறியவர்கள் அதை நாற்பது வயதிலும் சொல்லி வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ரேண்டம் எண்ணில் பின்னால் போனதற்காக யாரும் தன்னைத் தாழ்வாக நினைத்ததாக நான் கேட்டதில்லை. அரை மதிப்பெண் என்பது எத்தனை தூரம் திறமை, எத்தனை தூரம் அன்றைக்குத் திருத்தியவரின் மனநிலை என்று நாம் கேட்பதே இல்லை. கட்டையைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்தால் அதைக் கட்டை என்கிறோம். மறைத்து வைத்தால் மெரிட்.

இந்தப் பொங்கலுக்கு ஊரில் நாலு நாள் ஆட்டம். அம்மா ஒரு மணி நேரம் தாயம் விழாமல் உட்கார்ந்திருந்தார், ஒன்பதாவது தடவை உருட்டிவிட்டுக் கட்டையைத் தூக்கி என்னிடம் வீசினார். வீட்டில் பித்தளைக் கட்டை இரண்டு ஜோடி இருக்கிறது. அதில் ஒரு ஜோடி சரியில்லை என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். எந்த ஜோடி என்பதில்தான் தகராறு.