அணைக்க முடியாத காந்தம்

2011இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தில் மின்சாரத்தின் பொறுப்பு பல மடங்கு கூடியது. இன்ஜினிலிருந்து இழுத்த சூடான காற்றால் நடந்து வந்த வேலைகள் பல மின்சாரத்துக்கு மாறின. ஒவ்வோர் இன்ஜினிலும் 250 கேவிஏ ஜெனரேட்டர்கள் இரண்டு. இன்ஜினைக் கிளப்பும் மோட்டார்களும் அவையே.

குறைந்த எடையில் நிறைந்த ஆற்றல் வேண்டுமென்றால் நிரந்தரக் காந்த எந்திரமே முதலில் நினைவுக்கு வரும். அதன் சுழலியில் காந்தப்புலத்தை உண்டாக்கச் சுருளோ மின்னோட்டமோ தேவையில்லை. ஆனால் 787இன் முதன்மை ஜெனரேட்டர்களில் இருப்பது சுருள்தான். சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தை மாற்றினால் வோல்டேஜ் வசப்படும். நிறுத்தினால் ஜெனரேட்டர் அடங்கிவிடும். காந்தத்திடம் இந்த வசதி கிடையாது. நிரந்தரக் காந்த எந்திரத்தின் கட்டுப்பாடு முழுவதும் இந்த ஒரு குணத்தைச் சமாளிப்பதுதான்.

முதல் சிக்கல் வேகம். 787இன் மின் அதிர்வெண் 360 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை மாறும். அதாவது சுழற்சி இரு மடங்குக்கு மேல் ஏறும். காந்த எந்திரத்தில் வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். விமானத்தின் மின்தடமோ, எடுத்துக்காட்டாக 270 வோல்ட் நேர்மின்சாரத் தடம், நிலையான அளவையே கேட்கும்.

இரண்டுக்கும் நடுவே இன்வெர்ட்டர் நிற்கிறது. 1929இல் ராபர்ட் பார்க் வகுத்த கணித மாற்றத்தின்படி, சுழலியோடு சேர்ந்து சுழலும் அச்சுகளிலிருந்து பார்த்தால் மூன்று கட்ட மின்னோட்டம் இரண்டு எளிய கூறுகளாகப் பிரியும். ஒன்று முறுக்குவிசை தருவது. மற்றொன்று காந்தத்தின் திசையில் அமைவது. வேகம் மிகும்போது இரண்டாவதை எதிர்த்திசையில் செலுத்தி, காந்தப்புலத்தின் விளைவைக் குறைக்கிறார்கள். இதற்கு விலை உண்டு: சுழலாத பகுதியின் சுருளில் கூடுதல் வெப்பம். சூடான காந்தத்தை அளவுக்கு மீறி எதிர்த்தால் அதன் வலுவே நிரந்தரமாகக் குறையலாம்.

அந்த எதிர்ப்பு உச்ச வேகத்தில் திடீரென நின்றால்? இன்வெர்ட்டரின் டயோடுகள் வழியே மின்னோட்டம் கட்டுப்பாடின்றித் தடத்துக்குள் பாயும். சுருளுக்குள் ஷார்ட் ஏற்பட்டாலோ, இன்ஜின் சுழலும்வரை காந்தம் அந்தப் பழுதுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும்.

இதற்கான தீர்வு முதற்பார்வைக்கு விபரீதமாகத் தோன்றும்: பழுதான கட்டத்தின் முனைகளை வேண்டுமென்றே ஷார்ட் செய்வது. பழுதான சுற்றுகளில் குவிந்த மின்னோட்டம் கட்டம் முழுவதும் பரவி, தாங்கும் அளவுக்கு இறங்கும். ஆனால் சுருளின் தூண்டத்தை முன்கூட்டியே போதிய அளவு உயர்த்தி வடிவமைத்திருந்தால்தான் இது பலிக்கும். மற்ற கட்டங்கள் மின்னியல் வழியிலும் வெப்ப வழியிலும் தனித்திருந்தால், அவை வேலையைத் தொடரும்.

எனவே கட்டுப்பாட்டை மென்பொருளிடம் மட்டும் விட்டுவிட முடியாது. சுருளைச் சுற்றுமுன்பே அது தொடங்கிவிடுகிறது. காந்தம் மிச்சப்படுத்தும் எடையைக் கணக்கிடும்போது, அதை அடக்கும் ஏற்பாடுகளின் எடையையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.