அவள் வினையா, நம் வினையா?

அறம் பேணும் இல்லறத்தீர்!

நெஞ்சு பாரம், தலைச்சுற்று, உடல்வலி என வெள்ளிமலையினின்று கள்ளக்குறிச்சி வரை மனைவியை அழைத்துச் சென்று சோதித்தும், குறையேதும் தென்படவில்லையா? உடனே ‘நடிப்பு’ என்னற்க. மனச்சோர்வு உடல்நோவாகவும் வெளிப்படும். மனநிலையையும் வலியுணர்வையும் ஆளும் மூளைப் பொருள்களுட் சில பொதுவானவை. மருந்து பயன்தரச் சில வாரங்களாகும். இடையில் தாமாக நிறுத்தலாகாது.

‘அவள் வினை’ என விலகுவோர் உளர். பிறரைத் துயருறுத்தலும் அழச்செய்தலும் அசாதா வேதநீய வினைக்கு ஊற்று என்பது உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் காட்டும் நெறி. எனின், அச்சொல்லால் வினை சேர்ப்பவர் யார்?

பசியற்றிருத்தலை நோன்பெனப் போற்றவும் வேண்டா. மனநல மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். உறங்கா இரவில் அருகிருங்கள். ‘வாழ்வு வேண்டாம்’ எனும் சொல் பிறந்தால், 2022இல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416ஐ அப்பொழுதே அழையுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.