மோதாமல் போனால் போதுமா?

கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊரை ஒட்டிய மலைச்சரிவில் 1976-இல் சில இளைஞர்கள் பழைய, கனத்த சைக்கிள்களில் இறக்கப் பந்தயம் விடத் தொடங்கினார்கள். சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் நானூறு மீட்டர் இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர ஹப்பின் கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். மவுண்டன் பைக் விளையாட்டு வளர்ந்தது இப்படிப்பட்ட சரிவுகளில்தான். அதே மரினில் 1980-களில் ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகன்ற மண் சாலைகளில் வேகத்தை அளக்க ரேடாருடன் காவலர்கள் நின்றார்கள்.

இந்தத் தடையை எதிர்க்கும் சைக்கிள்காரர்களின் முறையீட்டில் நியாயம் உண்டு. ஈர மண்ணைக் குதிரைக் குளம்பு கிளறும் அளவுக்கு டயர் கிளறுவதில்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பாதை நடுவே நடப்பவர்களும் இருக்கிறார்கள். ‘யாரையும் இடிக்கவில்லையே, பிறகு என்ன குற்றம்?’ என்ற கேள்வியைத் தட்டிவிட முடியாது.

ஆனால் வளைவில் நடப்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பாதை இரண்டடி அகலம். ஒரு பக்கம் புதர், மறுபக்கம் சரிவு. மேலிருந்து வருபவருக்குத் தன் பிரேக்கின் மேல் நம்பிக்கை இருக்கிறது. எதிரே கைத்தடியோடு ஏறி வரும் முதியவருக்கு அந்த பிரேக்கைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் புதருக்குள் ஒடுங்குகிறார், சைக்கிள் ஒரு முழம் தள்ளிப் போய்விடுகிறது. ஓட்டியவர் அடுத்த வளைவுக்குள் அதை மறந்திருப்பார். முதியவரோ மறுவாரம் அந்தப் பக்கமே வருவதில்லை. எந்த விபத்துக் கணக்கிலும் ஏறாத இழப்பு இது. பயத்தால் ஒருவர் பாதையை விட்டுப் போனால், அதைப் பறித்துக்கொண்டதாகத்தான் பொருள்.

1988-இல் தோன்றிய பன்னாட்டு மலை சைக்கிள் சங்கத்தின் விதிகளும் இதே திசையில்தான் போகின்றன: நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும், இறங்குபவர் ஏறுபவருக்கு விட வேண்டும். குதிரையைக் கண்டால் தொலைவிலேயே நின்று, இறங்கி, பேச்சுக் கொடுப்பது நல்லது. சத்தமில்லாமல் குனிந்து வரும் உருவம் அதற்கு வேட்டையாடும் விலங்கு. குரல் கேட்டால்தான் மனிதன். மணி அடிப்பதும் நல்லதே, ஆனால் பலர் அதை ‘ஒதுங்கு’ என்ற அதட்டலாகவே அடிக்கிறார்கள்.

அதற்காக எல்லாரையும் ஒட்டுமொத்தமாகத் தடுப்பது சரியாகுமா? ஒருவரின் முரட்டுத்தனத்துக்கு நிதானமாக ஓட்டும் இன்னொருவர் தண்டனை அனுபவிப்பதில் நீதி இல்லை. 2003-இல் ஸ்காட்லாந்து இயற்றிய நிலச் சட்டம் வேறு வழியில் போனது. பெரும்பாலான நிலங்களில் சைக்கிளுக்கும் உரிமை உண்டு. பொறுப்போடு நடந்துகொள்ளும்வரைதான் அந்த உரிமை. அறத்தின் கண்ணில் இதுவே மேலானது. ஆனால் ஆளில்லாத மலையில் பொறுப்பை யார் அளப்பது? மழைக்குப் பின் ஈரக் களிமண்ணில் ஓட்டிப் போனால் பயப்பட அங்கே ஆளே இல்லை. டயர்த் தடத்தில் நீர் ஓடி வாய்க்காலாகும்போது ஓட்டியவரும் அங்கே இல்லை. மண்வெட்டியோடு வருபவர்கள் தன்னார்வலர்கள்.

வேறொரு வழியும் உண்டு. அமெரிக்காவில் டாஹோ ஏரியைச் சுற்றும் நெடும்பாதையின் ஒரு பகுதியில் நாட்களையே பங்கிட்டுவிட்டார்கள். இரட்டைப்படைத் தேதிகளில் மட்டும் சைக்கிள் வரலாம். நிம்மதியாக நடக்க விரும்புகிறவர் ஒற்றைப்படையில் போகலாம். 31-ஆம் தேதியும் மறுநாள் 1-ஆம் தேதியும் ஒற்றைப்படையாக வரும்போது நடப்பவர்களுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. அதைப் போய்க் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.