ஒரு நாள் திறக்கும் கதவு

பூட்டிய மண்டபத்தின் அழகு யாருக்கு உரியது? கட்டியவனுக்கா, காசு கொடுத்தவனுக்கா, காண்பவனுக்கா? சில ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் நம் மகன் இல்லத்தில் தங்கியிருந்தபோது இவ்வினா நம்மைப் பற்றிக்கொண்டது.

அந்நகரில் 1992 முதல் ஒரு நல்வழக்கம் உண்டு. மற்ற நாள்களில் பொதுமக்கள் நுழைய இயலாத அலுவலகங்களும் இல்லங்களும் செப்டம்பரில் சில நாள்கள் கட்டணமின்றித் திறந்துவிடப்படுகின்றன. பிரான்சில் 1984இல் இதையொத்த ஏற்பாடு தொடங்கி, பின்னர் ஐரோப்பாவெங்கும் பரவியது.

அத்தகைய நாளொன்றில் வரிசையில் நின்று வெளியுறவு அமைச்சகத்தினுள் சென்றோம். பழைய இந்தியா ஆபீஸின் தர்பார் முற்றம் அங்குதான் உள்ளது. உள்ளமைப்பு மாத்யூ டிக்பி வயட் என்னும் சிற்பியின் கைவண்ணம். அடுக்கடுக்காய் வளைவுகள், மெருகேற்றிய கிரானைட் தூண்கள், பளிங்குத் தரை, மேலே கண்ணாடிக் கூரை. வெளிச்சம் தூண்களின்மேல் மெல்ல நகர்வதைப் பார்த்தவாறே அரைமணி நேரம் நின்றுவிட்டோம்.

அந்த அரைமணி நேரம்தான் பின்னர் நம்மை உறுத்தியது. 1867 ஜூலையில் உதுமானிய சுல்தான் அப்துல் அஜீஸ் இலண்டன் வந்தபோது அவருக்கு மாபெரும் விருந்து இங்கேதான் நடந்தது. அதன் செலவு இந்திய வருவாயில் எழுதப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் ஒரிசாவில் பஞ்சம். மாண்டோர் ஏறத்தாழ 10 இலட்சம் என்பர். இவற்றையெல்லாம் நாம் முன்பே படித்திருந்தோம். ஆயினும் அங்கு நின்றபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கண் களித்தது, நெஞ்சு உறங்கிற்று.

மத்ரஸாவில் உசூல் பாடத்தில் ஒரு மஸ்அலா ஓதியிருக்கிறோம். அபகரித்த நிலத்தில் தொழுத தொழுகை கூடுமா? ஷாஃபிஈ இமாம்கள் கூடும் என்பர்; தொழுதது வணக்கம், பிறர் நிலத்தில் நின்றது பாவம், இரண்டும் வேறு வேறு. ஹன்பலி மத்ஹபில் பெயர்பெற்ற கருத்து, கூடாது என்பது. நிற்பதே குற்றமாயின் அந்த நிற்றல் வணக்கமாவது எங்ஙனம்? இளமையில் முதற்கருத்து நமக்கு மிக எளிதாய்த் தோன்றியது. (உஸ்தாது அடுத்த பாடத்துக்குப் போனால் போதும் என்ற அவசரமும் ஒரு காரணம்.) இரண்டாவதன் கனத்தை அம்முற்றத்தைக் கண்ட பின்னரே உணர்ந்தோம்.

இருந்தும் முதற்கருத்தை விட மனமில்லை. தூணை மெருகேற்றிய தொழிலாளி யாரையும் கொள்ளையிடவில்லை. அவன் கைத்திறனைப் பழித்து நாம் அடையப்போவது என்ன? அன்றியும், இதே அளவுகோலை நம் பக்கமும் திருப்பவேண்டும் அன்றோ? 1630 முதல் 1632 வரை குஜராத்திலும் தக்காணத்திலும் கொடிய பஞ்சம். தாஜ்மஹால் பணி தொடங்கியது 1632இல். ஆக்ராவுக்குக் குடும்பத்தோடு சென்று பெருமிதத்துடன் நின்றபோது, வரி கொடுத்த உழவனை நாம் நினைத்ததுண்டா? இல்லை. ஆங்கிலேயரிடம் கேட்கும் கணக்கை ஷாஜஹானிடம் கேட்காதது நீதியாகாது.

வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தை 1960களில் இடித்துவிடத் திட்டமிட்டார்கள். பொதுமக்கள் எதிர்ப்பால் அது தப்பியது. இடித்திருந்தால் குற்றம் அழிந்திருக்காது, சாட்சி அழிந்திருக்கும்.

“வாப்பா, அடுத்த கட்டடத்தில் வரிசை நீண்டுவிடும்” என்று மகன் விரைவுபடுத்தினார். வாயிலருகே நின்று, இன்னொரு முறை அந்தக் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டே வெளியே வந்தோம்.