கண்ணாடிப் பேழையும் கவ்வாத்துச் சாமியும்

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் கலை அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கிய, வாளும் கேடயமும் ஏந்திய திருமங்கையாழ்வார் வெண்கலத் திருமேனி, கும்பகோணத்தருகே கோயிலொன்றில் 1957இல் எடுக்கப்பட்ட ஒளிப்படத்தால் இனங்காணப்பட்டு, அதனைத் திருப்பியளிக்கப் பல்கலைக்கழகம் 2024இல் இசைந்தபோது, பூசையற்ற உருவம் திருமேனிதானா என்ற கேள்வியும் உடன் எழுந்தது. ஆவாகனத்தால், அதாவது மந்திரத்தால் அழைத்து எழுந்தருளச் செய்யும் கிரியையால், இறை உருவில் நிலைபெறுகிறது என்பது சைவ ஆகமக் கொள்கை. வைணவமோ வழிபடு உருவான அர்ச்சையை இறைவனே விரும்பி ஏற்ற அவதாரமாகக் கொண்டு, அடியாரான ஆழ்வாரின் திருமேனிக்கும் அம்மதிப்பை நீட்டுவதால், அங்கே அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழை எளிதில் தோற்றுப்போகும்.

அதே கேள்வியை வேறு திசையிலிருந்து எழுப்புவதுபோல், இலங்கையின் ஹல்துமுல்லை போன்ற ஊவாத் தோட்டப் பகுதிகளில், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குக் காவலாக மலையக மக்கள் கும்பிடும் கவ்வாத்துச் சாமிக்கு, மஞ்சளும் குங்குமமும் பூசிய செதுக்காத கல்லே போதும். எந்த ஏலத்திலும் விலைபோகாத அக்கல், கிரியை நூல்களைக் கேளாமலே தெய்வமாகிவிடுவதால், ஆகமத்துக்கு அருங்காட்சியகத்தைவிடக் கடினமான வினாவாகிறது.