பேசும் உரிமையும் தடுக்கும் உரிமையும்

அவையில் சிறுபான்மையாய் அமர்ந்திருப்போர்க்குப் பேசும் உரிமை உண்டு. இதனை மறுப்பார் இல்லை. ஆனால், பேசிப் பேசியே பெரும்பான்மையின் முடிவைத் தடுத்து நிறுத்தும் உரிமையும் அவர்க்கு உண்டா? அமெரிக்க நாட்டின் செனட் சபையில் நெடுங்காலமாக விடை காணாது நிற்கும் இவ்வினாவை, மக்களாட்சியில் நம்பிக்கை வைத்துள்ள நாமும் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அச்சபையின் உறுப்பினர் 100 பேர். ஒரு மசோதாவை விரும்பாதவர் முடிவின்றிப் பேசி, வாக்கெடுப்பே நடவாமல் செய்துவிடலாம். இதற்குப் 'பிலிபஸ்டர்' என்று பெயர். மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் விவாதத்தை முடிக்கலாம் என்ற விதி 1917-ல்தான் பிறந்தது. 1975-ல் அது ஐந்தில் மூன்று பங்காக, அதாவது 60 வாக்குகளாகக் குறைக்கப்பெற்றது.

51 பேர் 49 பேரை அவசரச் சட்டங்களால் அடக்கிவிடாதபடி காக்கும் வேலி இது என்பர் இம்முறையை ஆதரிப்போர். அவர்தம் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பிறமொழி வழங்கும் நகரங்களில் சிறு தொகையினராய் வாழும் நமக்கு, எண்ணிக்கை ஒன்றே நீதியாகிவிடாது என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயின், அவ்வேலி யாரைக் காத்தது? 1957-ல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த மசோதாவை எதிர்த்து, ஸ்ட்ராம் தர்மண்டு என்னும் உறுப்பினர் 24 மணி 18 நிமிடம் பேசினார். 1964-ல் குடிசார் உரிமைகள் சட்டத்தை ஏறத்தாழ 60 வேலை நாட்கள் தடுத்து வைத்தனர். இறுதியில் 71 பேர் கூடி விவாதத்தை முடித்தனர். தடுத்தவர்கள் அவைக்குள்ளேதான் சிறுபான்மையினர். தத்தம் மாநிலங்களில் அவர்களே ஆதிக்கம் செலுத்தியோர். உண்மையான சிறுபான்மை மக்களோ வாக்குச்சாவடிக்குள்ளும் நுழைய முடியாமல் வெளியே நின்றனர்.

அன்று தடுத்தவர் கால்கடுக்க நின்றாவது பேசினார். இன்று அந்த உழைப்பும் பெரும்பாலும் தேவையில்லை. 60 வாக்குகள் சேராவிடில், எவரும் வாய் திறவாமலே மசோதா உறங்கிவிடுகிறது. பேச்சுரிமையின் பெயரால் எழுந்த வழக்கம் இவ்வாறு பேச்சையே இழந்துவிட்டது!

இது ஒழியுமா? சாதாரணப் பெரும்பான்மையாலேயே ஒழிக்க இயலும். 2013-ல் ஜனநாயகக் கட்சியினர், உச்ச நீதிமன்றம் நீங்கலான நியமனங்களுக்கு 60 வாக்குத் தேவையை அகற்றினர். 2017-ல் குடியரசுக் கட்சியினர் உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் அதனை அகற்றினர். சட்டங்களுக்கு மட்டும் அது நீடிக்கிறது. 2022-ல் வாக்குரிமை மசோதாவுக்காக விதியைத் தளர்த்த முயன்றபோது 48 பேர் ஆதரித்தனர். 52 பேர் எதிர்த்தனர். 2025-ல் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஒழிக்கச் சொல்லியும், அவர் கட்சியின் செனட் தலைவரே இசையவில்லை. இன்று ஆளும் வரிசையில் இருப்போர் நாளை எதிர்வரிசைக்குச் செல்ல நேரும் என்ற அச்சமே காரணம். ஆகவே இது ஒரே அடியில் வீழாது. இதுவரை நிகழ்ந்தவாறே சிறிது சிறிதாகக் கரையும் என்றே நாம் எண்ணுகிறோம்.

சிறுபான்மையின் உண்மையான அரண், எவ்வாக்கெடுப்பாலும் எளிதில் பறிக்க இயலாத அடிப்படை உரிமைகளும் அவற்றைக் காக்கும் நீதிமன்றங்களுமே. அவையில் அவர்க்கு உரியது முழுமையாகக் கேட்கப்படும் உரிமை. கேட்ட பின் தீர்மானிப்பது அவையின் கடமை. சிறுபான்மைக்குச் செவி கொடாத அவையும் அவையன்று. செவி கொடுத்தபின் முடிவெடுக்க மாட்டாத அவையும் அவையன்று.